பதுளை வீதியால் வந்தவர்கள்

செங்கலடிச் சந்தியில் இருந்து மேற்கே ஒரு வீதி பிரிந்து போகும். எங்கட பக்கத்தில் அதைப் பதுளை வீதி என்றுதான் சொல்லுவோம். கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை தாண்டிப் பதுளைக்கு ஏறி, வெலிமடை, நுவரெலியா, புசல்லாவை, கம்பளை என்று சுற்றிப்போய் அது முடிகிற இடம் பேராதனை. வரைபடத்தில் ஏ-5 என்று போட்டிருக்கும். ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம். மறுமுனைச் சந்தியில் இருந்து கொஞ்சம் வடக்கே வந்தாறுமூலையில் எங்கட கிழக்குப் பல்கலைக்கழகம். நடுவில் முழுக்கத் தேயிலை.

இந்த வீதியின் நடுவில், ஒரு லயத்தில் பிறந்த பிள்ளை எந்த முனைக்கு, எந்தப் பாடம் படிக்கப் போகிறது? இதுதான் எங்கட கேள்வி. இதை எழுதுகிற நாங்கள் கலை கலாசார பீடத்தின் ஒரு பெட்ச். எங்களில் கூடப்பேர் வாவிக்கரை ஊர்கள். சிலர் ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கம். முதலாம் வருடத்தில் ஊர் விசாரித்துக்கொண்ட நாட்களிலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மலையகத்தில் இருந்து வந்த எங்கட நண்பர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் அவரவர் குடும்பத்தில் முதலாவதாகக் கம்பஸ் வந்தவர்கள். இவர்களில் ஒருவரிடம் 'நீங்க ஏன் கலைப்பிரிவு எடுத்தீங்க?' என்று கேட்டபோது வந்த பதில்: 'எங்க ஸ்கூல்ல வேற ஒண்ணும் இல்லைங்க.'

குடியேறிகளின் பிள்ளைகள், அவர்களின் உயர்கல்வி என்று பேச்சு வந்தால் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது டொரன்டோவும் லண்டனும்தான். அங்கே போன எங்கட சொந்தக்காரரின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் பட்டதாரியாகி, படம் வட்ஸப்பில் வந்துவிடும். ஆனால் எங்கட நாட்டுக்குள்ளேயே, வந்து 200 வருடம் ஆகியும் குடியேறிகளாக எண்ணப்படும் ஒரு சமூகம் இருக்கு. பிறப்புச் சான்றிதழில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டவர்கள். முன்னோர்கள் 1823இல் இருந்து வரத் தொடங்கியதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். அந்த நடைபயணத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நாங்கள் எழுத நினைத்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்கில் இருந்து தொடங்கலாம். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கியது 1814இல். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அது. மலைநாட்டில் கோப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் கொண்டுவரப்படுவதற்கு 9 வருடம் முந்தியே வாவிக்கரையில் பள்ளிக்கூடம் இருந்திருக்கு. பிறகு புனித மிக்கேல், அதற்குப் பிறகு சுவாமி விபுலாநந்தரின் முயற்சியில் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம். மிஷன்களுக்குள் போட்டி, சைவப் பள்ளிக்கூடம் கட்டவேண்டும் என்ற ரோஷம், படித்த ஒரு நடுத்தர வர்க்கம் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு ஒரு ஏணி கிடைத்தது. அந்த ஏணியும் எழுவான்கரைக்குத்தான் முதலில் வந்தது என்பது வேறு கதை. அதைக் கீழே சொல்லுகிறோம்.

தோட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே நிலமும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம், ஆளும் தோட்டத்துக்குள்ளே. மாலையில் யாராவது எழுத்துத் தெரிந்தவர் லயத்து வாசலில் பிள்ளைகளை இருத்தி மணலில் எழுதப் பழக்கினால் அதுதான் பள்ளிக்கூடம். 1907, 1920 சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்றன. 1920 சட்டம் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே கொடுத்தது. பிள்ளை படித்து முன்னேறினால் கொழுந்து பறிக்க ஆளில்லாமல் போகும் துரையிடம், பிள்ளையைப் படிப்பிக்கும் வேலை! ஒரு கட்டடம், ஒரு வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு சரி. பல இடங்களில் பள்ளிக்கூடமும் பிள்ளைக் காம்பராவும் ஒரே வேலையைத்தான் செய்தன. அம்மா மலைக்குப் போய் வரும்வரை பிள்ளையை வைத்துக்கொள்வது.

இதையும் மீறிப் படித்தவர்கள் இருந்தார்கள். மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை எழுத்தாளரானார், ஆசிரியரானார், 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். ஆனால் அவர் கங்காணி குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வெளியே நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் கங்காணி வீடு, கணக்கப்பிள்ளை வீடு, அல்லது டவுன் கடைக்காரர் வீடு. பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்கு ஏறினவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்கவேயில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் தோட்டம் தோட்டமாகப் போய்த் துண்டுப்பிரசுரமும் பாட்டுமாகத் தொழிலாளரிடம் பேசினது ஒருவகையில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் என்று எங்களுக்குத் தோன்றும்.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி வருகிறது. சமூகக்கல்விப் புத்தகத்தில் நாங்கள் எல்லாரும் இதைப் படித்திருக்கிறோம், பத்து மார்க்ஸ் கேள்வி. கிராமங்களில் மத்திய பாடசாலைகள் வந்தன, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு விடுதியும் புலமைப்பரிசிலும் கிடைத்தது. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயமும் அந்த வரிசையில் வந்ததுதான். தோட்டத்துக்குள் அப்படி ஒன்று வரவில்லை. தோட்டப் பாடசாலை தோட்டத்தின் கையிலேயே விடப்பட்டது. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு எடுத்தபோதும் தோட்டப் பாடசாலை வெளியில்தான் நின்றது. இலங்கை முழுக்க இலவசக் கல்வி என்று நாங்கள் படித்த வசனத்தில் தோட்டம் சேர ஏறத்தாழ 30 வருடம் பிந்தியது. இது அந்தப் பத்து மார்க்ஸ் விடையில் இல்லை.

காரணம் தேட வெகுதூரம் போகத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. 1947இல் மலையகத்தில் இருந்து ஏழு பேர் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு தேர்தலில் வென்று ஒருவர் போனது 1977இல், எஸ். தொண்டமான். இடைப்பட்ட 25 வருடமும் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடச் சொல்லிக் கேட்க வாக்காளரால் தெரிவான எம்.பி. இல்லை. படித்து முடித்தாலும் அரச வேலைக்குக் குடியுரிமை கேட்பார்கள். அப்பா அம்மாவுக்கு 'இவன் படிச்சு என்ன செய்யப் போறான்?' என்று தோன்றினால் அதை அறியாமை என்று எங்களால் சொல்ல முடியாது. அவர்கள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில்தான் பேராதனைப் பல்கலைக்கழகம் எழும்புகிறது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. கம்பளைப் பக்கமோ புசல்லாவைப் பக்கமோ பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தேயிலை தொடங்கிவிடும். தேயிலை ஏற்றுமதிப் பணத்தில்தான் நாடு இலவசக் கல்வி கொடுத்தது என்று பொருளியல் படிக்கிற எவருக்கும் தெரியும். கட்டடமும் பக்கத்தில், காசும் இவர்களுடைய உழைப்பில். உள்ளே போன பிள்ளைகளை மட்டும் விரல் விட்டு எண்ணலாம்.

அந்தச் சிலரில் ஒருவர் இர. சிவலிங்கம். படித்துவிட்டு ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் படிப்பிக்க வந்தார். 1960களில் மலையக இளைஞர்களிடையே எழுந்த விழிப்பைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் பெயரையும் இந்தப் பள்ளிக்கூடத்தையும் சொல்லாமல் விடுவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் நல்ல வாத்தியார் ஒருவர் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

அந்த விழிப்பு வந்த நேரத்திலேயே 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கமும் பிரித்துக்கொண்டன. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே வகுப்பில் இருந்த பிள்ளைகளில் ஒருவருக்குக் 'கப்பல் கார்டு' வரும், மற்றவருக்கு வராது. தலைமன்னாரில் இருந்து ராமேஸ்வரம் போய், பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய திட்டம்தான் பின்னால் டான்டீ ஆனது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் மூட்டை கட்டி வைத்திருக்கும் வீட்டில் பிள்ளையை ஓ.எல். வரை யார் அனுப்புவார்?

இனி தரப்படுத்தல். இந்தச் சொல்லைக் கேட்டாலே வடக்கு கிழக்கில் ஒரு கதை ரெடியாக இருக்கு. 1971இல் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மாணவருக்கு 227. அநியாயம்தான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கதையை 'தமிழ் மாணவருக்கு நடந்தது' என்று சொல்லும்போது அதற்குள் மலையக மாணவர் எங்கே? அன்றைக்குத் தோட்டத்தில் இருந்து பொறியியல் பீடத்து வாசல் வரைக்கும் வந்து, 250க்கும் 227க்கும் இடையில் விழுந்து நொந்துபோக ஆளே இல்லை. அவர்கள் அஞ்சாம் வகுப்பிலேயே நிறுத்தப்பட்டவர்கள். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் மட்டக்களப்பு மாதிரி மாவட்டங்களுக்கு இடம் கூடியது என்பதையும் நாங்கள் சத்தம் குறைத்துத்தான் சொல்லுவோம்.

மாவட்ட ஒதுக்கீடு இன்றைக்கும் இருக்கு. பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மட்டக்களப்பு, நுவரெலியா, பதுளை மூன்றுமே உண்டு. கடதாசியில் பார்த்தால் மலையகப் பிள்ளைக்கு நல்ல சலுகை. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்கு, சமூகத்துக்கு இல்லை. நுவரெலியாவின் சனத்தொகையில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர். அந்த மாவட்டத்தின் மருத்துவ, பொறியியல் இடங்கள் போவதோ உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளுக்கு. விஞ்ஞானப் பிரிவு உள்ளதை 1ஏபி என்பார்கள். கலை, வர்த்தகம் மட்டும் இருந்தால் 1சி. பதினோராம் ஆண்டோடு நின்றால் வகை 2, அதற்கும் கீழே வகை 3. தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பான்மை வகை 2உம் வகை 3உம்தான். வெளிமாவட்டங்களில் இருந்து வந்து மலையகத்தில் உயர்தரம் எழுதி அந்த இடங்களைப் பிடிக்கிறார்கள் என்ற சர்ச்சையும் வருடாவருடம் எழும். அந்த வெளிமாவட்டங்கள் எவை என்று கேட்டால் வடக்கு கிழக்கில் நாங்கள் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.

காலவரிசைக்குத் திரும்புவோம். தோட்டங்கள் 1972-75இல் அரசுடைமையாகின. பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பின்பாதியில். நடுவில் 1973-74 பஞ்சம், தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலம். பிறகு 1977 வன்செயல், 1981, 1983. மலையில் இருந்து வடக்கு கிழக்குக்கு இறங்கி வந்த குடும்பங்கள் அதிகம் போனது வவுனியா, கிளிநொச்சிப் பக்கம். கொஞ்சப்பேர் மட்டக்களப்புக்கும், பதுளை வீதியை அண்டிய ஊர்களுக்கும் வந்தார்கள். பாதுகாப்புத் தேடி வந்த இடத்தில் அடுத்த யுத்தம் காத்திருந்தது. அந்தப் பிள்ளைகளின் படிப்பு இரண்டு தடவை உடைந்தது.

எங்கட பல்கலைக்கழகம் தொடங்கியதும் இதே காலம். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில். 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகம். 1990இல் இதே வளாகம் அகதி முகாம். செப்டெம்பர் 5ஆம் திகதி இங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. அதற்குத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்லவருவது ஒன்றுதான்: கிராமத்தில் ஒரு மத்திய பாடசாலை முதலில் இருந்தது, அதன் கட்டடத்துக்குள் பல்கலைக்கழகம் வந்தது.

மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கு. தேர்தல் மேடைகளிலும் வந்து போகும். எங்களுக்குள் இதில் இரண்டு கருத்து. மலையக நண்பர்கள் சிலர், 'யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் கிடைச்சதுதானே, எங்களுக்கு மட்டும் ஏன் அடிப்படை சரியாகட்டும்னு சொல்றீங்க?' என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம். ஆனாலும் கூடப்பேரின் எண்ணம் இது: நாளைக்கே ஒரு பல்கலைக்கழகம் திறந்தாலும் அதன் விஞ்ஞான பீடத்துக்குத் தோட்டப் பாடசாலையில் இருந்து யார் போவார்கள்? ஆய்வுகூடம் இல்லாத, பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்து?

ஆசிரியர் கதை தனிக்கதை. முதலில் வடக்கு கிழக்கில் இருந்து போனார்கள். நல்லாப் படிப்பித்தவர்களை இன்றைக்கும் அங்கே பெயர் சொல்லி நினைக்கிறார்கள். இடமாற்றம் வரும் நாளை எண்ணிக்கொண்டு இருந்தவர்களையும் நினைக்கிறார்கள். 1980களில் இருந்து தோட்டத்துப் படித்த பிள்ளைகளையே ஆசிரியராக்கத் தொடங்கினார்கள். சுவீடன், ஜேர்மன் உதவிகள் வந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. மலையகத்தில் ஒரு நடுத்தர வர்க்கம் உருவானது என்றால் அது ஆசிரியர் வேலையால்தான். பத்து வருடத்துக்கு முந்தி ஏறத்தாழ 3,000 பேரை 'ஆசிரிய உதவியாளர்' என்று எடுத்தார்கள். மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000. முழு ஆசிரியரின் வேலை, உதவியாளரின் காசு. தோட்டத்துப் பிள்ளை என்றால் அரசாங்கமும் நாட்சம்பளம் மாதிரித்தான் கொடுக்கும் போல.

இதில் ஒரு சுற்று இருக்கிறதை இப்போது பாருங்கள். பாடசாலையில் விஞ்ஞானம் இல்லை, ஆகவே பிள்ளை கலைப்பிரிவு எடுக்கிறது. தமிழ்மொழியில் கலை படிக்க யாழ்ப்பாணம், பேராதனை, ஒலுவில், வந்தாறுமூலை. நாலு வருடம் கழித்துக் கலைப் பட்டதாரியாக வெளியே வருகிறது. வேலை கிடைக்கச் சில வருடம். கிடைத்தால் அநேகமாக ஆசிரியர் நியமனம், அதே தோட்டப் பாடசாலைக்கு. இப்போது அந்தப் பாடசாலையில் தமிழுக்கும் வரலாற்றுக்கும் சமயத்துக்கும் நல்ல பட்டதாரி ஆசிரியர். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பழையபடி ஆள் இல்லை. அடுத்த பிள்ளையும் கலைப்பிரிவுக்கே வருகிறது. சட்டத்தில் ஒரு தடையும் மிச்சம் இல்லை. குடியுரிமைச் சிக்கலை 1988உம் 2003உம் வந்த சட்டங்கள் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. ஆனாலும் சுற்று தன்பாட்டில் ஓடுகிறது. கலை படிப்பது குறைச்சல் என்று நாங்கள் சொல்லவில்லை, நாங்களும் கலைபீடம்தானே. விரும்பி எடுப்பதும் வேறு வழியில்லாமல் எடுப்பதும் ஒன்றில்லை.

படுவான்கரைக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே இருந்து வந்த எங்கட நண்பர்களுக்கும் இதே கதைதான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பிள்ளைகள் டவுனுக்கு ரியூசன் போகப் பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். கடைசிப் பாதை போய்விட்டால் படிப்பும் போச்சு. விஞ்ஞானம் படிக்க எழுவான்கரைக்கு வரவேண்டும், அங்கே தங்க ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும். ஒரு நண்பி சொன்னாள்: 'எங்களுக்கு வாவி, அவங்களுக்கு மலை. மறுகா என்ன வித்தியாசம்?' வித்தியாசம் இருக்கு. வாவிக்குப் பாலம் கட்டினால் கடக்கலாம். காணியும் வீடும் விலாசமும் இல்லாததற்கு எந்தப் பாலத்தைக் கட்டுவது? லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எப்போதாவது வீட்டுக்கு வரும். நேர்முகத் தேர்வு முடிந்தபிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் நிறைய. பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்ய 1987 சட்டத்தில் தடையாக இருந்த பிரிவையே 2018இல்தான் திருத்தினார்கள்.

வந்து சேர்ந்தபிறகும் லேசு இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது, அதுவும் பேர் விழுந்த நாளுக்கு மட்டும். மஹாபொல நீண்டகாலம் மாதம் 5,000 ஆக இருந்து 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. போர்டிங் காசு, சாப்பாடு, போட்டோகொப்பி, ஊருக்குப் போய்வர பஸ் காசு எல்லாம் அதற்குள். எங்கட வீடுகளில் சனி ஞாயிறு போய் மீன்குழம்பு சாப்பிட்டு வரலாம். மஸ்கெலியாக்காரர் தவணை லீவுக்குத்தான் வீட்டைப் பார்ப்பார். வாவிக்கரை அம்மாமார் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 'மனே, நீயும் வா, சாப்பிட்டுப் போகலாம்' என்று கூட்டிப்போன வீடுகள் உண்டு. கடையிலும் பஸ்சிலும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் காதில் விழுந்த நாட்களும் உண்டு. அதைச் சொன்னவர்கள் சிங்களத்தில் சொல்லவில்லை.

போன வருடம் உயர்தரப் பரீட்சைக்கு முந்தி எங்கட மலையக நண்பர்கள் தங்கள் பழைய பாடசாலைப் பிள்ளைகளுக்கு வட்ஸப்பில் குப்பி எடுத்தார்கள். தமிழ், புவியியல், அரசறிவியல். நாங்களும் நோட்ஸ் எழுதிக் கொடுத்தோம். ஒரு நாள் இரவு பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று தன் அக்காவின் போனில் இருந்து ஒரு படம் அனுப்பியது. ஒளி முறிவு பற்றிய விஞ்ஞானக் கணக்கு. 'இதை யாராச்சும் சொல்லித் தர முடியுமா?' குரூப்பில் இருந்த 14 பேரும் கலைபீடம். கடைசியில் விஞ்ஞான பீடத்து விடுதிக்குப் போய் ஓர் ஏறாவூர்ப் பையனைப் பிடித்து, அவன் பேப்பரில் கீறி விளக்கியதைப் படம் எடுத்து அனுப்பினோம். அடுத்த நாள் அதே பிள்ளையிடம் இருந்து இன்னும் ஆறு கணக்கு வந்தது.